நியாமட்டாவும் மாத்தளையும்

ருவண்டாவுக்கு ஊழியப் பயணம் போய்வருகிறவர்களின் முதல் கடிதங்களில் ஒரு வியப்பு தவறாமல் இருக்கும்: இவ்வளவு துப்புரவான ஊர், இவ்வளவு சிரித்த முகம், இங்கேயா அந்த இனப்படுகொலை நடந்தது? துப்புரவு உண்மைதான். 2008இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்த நாடு அது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊர் கூடிச் சிரமதானம் செய்வதும் அங்கே சட்டம். ஆனால் அந்த வியப்பு இலங்கையின் பல்லேபொலவில் இருக்கும் எனக்கு ஒட்டுவதில்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கு வருகிறவர்களும் மிளகுக்கொடியைப் பார்த்து, எங்கள் சிரிப்பையும் மெச்சிவிட்டுத்தான் தம்புள்ளைக்குப் போகிறார்கள்.

ஆகவே முகங்களை விட்டு இடங்களை ஒப்பிடலாம். கிகாலிக்குத் தெற்கே நியாமட்டாவில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. 1994 ஏப்ரலில் அடைக்கலம் தேடி அதற்குள் புகுந்த ஆயிரக்கணக்கான துட்சி இனத்தவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். இன்று அது நினைவிடம். வாங்குகளின்மேல் செத்தவர்களின் உடுப்புகள் மண்நிறம் ஏறிக் குவிந்து கிடக்கின்றன. தகரக்கூரையில் குண்டுச்சிதறல் துளைத்த ஓட்டைகள் வழியே வெயில் புள்ளிபுள்ளியாக விழுகிறது. பலிபீடத்துத் துணியில் கறை. ஆளை இனம்பிரித்துக் காட்டிய அடையாள அட்டைகளும் அங்கே உண்டு. நிலவறையில் வரிசையாக மண்டையோடுகள். 2023இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மாத்தளையிலும் எலும்பு கிடைத்தது. 2012 இறுதியில் மாவட்ட வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. 1986–90 காலத்தவை என்றார் அகழ்வை நடத்திய தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு நசுக்கிய காலம் அது. 1989இல் மாத்தளையின் இராணுவ ஒருங்கிணைப்பு அதிகாரி, பின்னாளில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷ. பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் வந்தார்கள். பிறகு ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று, அமெரிக்காவில் செய்த கார்பன் பரிசோதனையை வைத்து, எலும்புகள் 1950க்கும் முந்தியவை என்று முடித்தது. அந்தக் கிளர்ச்சிக் காலக் கொலைகள் சட்டப்படி இனப்படுகொலை அல்ல. கொன்றதும் செத்ததும் பெரும்பாலும் சிங்களவர்தான். 1983 இனக்கலவரத்தில் எரிந்த மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர்களைப் பற்றிப் பேசும் தமிழர் நாங்கள் இந்தக் குழியைப் பற்றி அவ்வளவாகப் பேசாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் எலும்பை இலங்கை அரசு என்ன செய்யும் என்பதை இந்தக் குழி காட்டியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. அங்கே செத்த சனத்துக்கு அரசு எழுப்பிய நினைவிடம் ஏதுமில்லை.

ஊழியம் செய்யப் போகிறவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சபை எங்கே நின்றது என்பது. ருவண்டாவில் நியாங்கே பங்குத்தந்தை அத்தனாஸ் செரோம்பா, உள்ளே ஆட்கள் இருக்கவே தன் தேவாலயத்தைப் புல்டோசரால் இடிப்பதற்குத் துணைபோனார். ருவண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008இல் மேன்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்பு வேண்டினார். வன்னியில் குருமாரும் கன்னியரும் கடைசிவரை பதுங்குகுழிகளில் சனத்தோடு இருந்தார்கள். 2009 மே 18இல் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்றுவரை வரவில்லை. அங்கே சபை மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, இங்கே பதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே பிரசங்கத்தைக் கொண்டுபோக முடியாது.

இந்த வேறுபாட்டுக்கு ருவண்டர்களின் நல்ல மனம் காரணமில்லை. அங்கே கொலையை நிறுத்தி ஆட்சியைப் பிடித்தது துட்சிகள் தலைமைதாங்கிய படை, ஆகவே நினைவுகூர்வது அரச கொள்கை. இங்கே குற்றம் சாட்டப்பட்ட அரசே தொடர்கிறது. வென்றவர் காட்டும் நினைவிலும் இருட்டு மூலை உண்டு: பழிவாங்கலில் செத்த ஹூட்டு இனத்தவரையும் சேர்த்து அழுத பாடகர் கிசிட்டோ மிஹிகோ 2014இல் சிறைக்குப் போனார், 2020இல் பொலிஸ் காவலில் இறந்தார். இங்கே தடை இன்னும் கீழே இறங்கி அடுப்படிவரை வந்தது. அரிசியும் உப்பும் மட்டும் போட்டு, முற்றுகைக்குள் சனம் குடித்ததன் நினைவாக ஊற்றும் முள்ளிவாய்க்கால் கஞ்சிக்காக 2024 மே மாதம் சம்பூரில் பெண்களைப் பொலிஸ் கைதுசெய்தது.

இருந்தும் எது மேல் என்று கேட்டால் நியாமட்டா என்பேன். பாதி உண்மையென்றாலும் அங்கே வாசல் திறந்திருக்கிறது, மீதிப் பாதியைக் கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. மாத்தளை வைத்தியசாலைக்குப் போகும் ஊழியக் குழு நோயாளிகளுக்காக ஜெபித்துவிட்டுத் திரும்பும். வளவின் எந்தப் பக்கம் மண் வெட்டினார்கள் என்று யாரிடம் கேட்பது?