பேஸ்போல் நடுவர்: உடுப்பிலிருந்து தீர்ப்பு வரை

2025 இலையுதிர் காலத்தில் புளூ ஜேய்ஸ் அணி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனபோது, துடுப்பாட்டத்தைத் தவிர வேறு எதையும் பார்த்தறியாத எமது வீடுகளிலும் இரவிரவாகப் பேஸ்போல் ஓடியது. ஆனால் ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் இது தொலைக்காட்சியில் மட்டும் உள்ள ஆட்டம் அல்ல. கோடை முழுவதும் மாலை வேளைகளில் பூங்காக்களில் சிறுவர் அணிகள் ஆடுகின்றன. அங்கே நடுவராக நிற்பவர் பல வேளைகளில் ஓர் உயர்பாடசாலை மாணவர். எங்கள் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போகலாம். வேலியோரம் மடக்குக் கதிரையில் இருந்து பார்க்கும் பெற்றோருக்கோ துடுப்பாட்ட விதிகள்தான் மனப்பாடம். அந்தக் கண்ணால் பார்த்தால் சரியான தீர்ப்பும் பிழையாகத் தெரியும். ஆகவே பேஸ்போல் நடுவர் என்ன உடுக்கிறார், எங்கே நிற்கிறார், எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகத் தருகிறோம்.

கேட்காமலே சொல்ல வேண்டும்

துடுப்பாட்டத்தில் களத்தடுப்பு அணி முறையிடாவிட்டால் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுக்க முடியாது. பேஸ்போலில் நிலைமை தலைகீழ். பந்து எறியப்படும் ஒவ்வொரு முறையும் நடுவர் தானாகவே தீர்ப்பளிக்க வேண்டும். ஸ்ரைக், போல், ஃபவுல், சேஃப், அவுட் என்று ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முடிவுகள்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. ஓடுபவர் ஒரு பேஸைத் தொடாமல் கடந்தாலோ, உயர்ந்த பந்து பிடிக்கப்படுமுன் தன் பேஸை விட்டு ஓடினாலோ, துடுப்பாளர் வரிசை மாறி வந்தாலோ எதிரணி முறையிட்டாக வேண்டும். இரண்டாவது பேஸைப் பிள்ளை மிதிக்கவில்லை என்பதை வேலிக்கு வெளியே இருந்த நீங்கள் கண்டிருப்பீர்கள். நடுவரும் கண்டிருப்பார். கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

ஹோம் பிளேற்றின் அகலம் 17 அங்குலம். ஸ்ரைக் வலயத்தின் மேல் எல்லை, துடுப்பாளரின் தோளுக்கும் காற்சட்டையின் மேல் விளிம்புக்கும் நடுவில் வரும். கீழ் எல்லை முழங்காற் சிரட்டைக்குக் கீழேயுள்ள குழி. அடிக்கத் தயாராகும் நிலையில் இது அளக்கப்படுவதால் பிள்ளைக்குப் பிள்ளை வலயம் மாறும். பந்தின் ஒரு விளிம்பு அந்த வலயத்தில் பட்டாலே ஸ்ரைக். பந்து பிளேற்றைக் கடந்த இடம்தான் கணக்கு, கற்சர் அதைப் பிடித்த இடம் அல்ல. கீழே விழும் வளைபந்து முழங்கால் உயரத்தில் பிளேற்றைக் கடந்து, நிலத்தைத் தொடும் அளவில் கையுறைக்குள் போகலாம். அது ஸ்ரைக்தான். முதலாவது பேஸ் பக்கத்து வேலியில் இருப்பவருக்குப் பந்தின் உயரம் ஓரளவு தெரியும், அது பிளேற்றுக்கு மேலால் போனதா வெளியால் போனதா என்பது தெரியவே தெரியாது.

நடுவர் கற்சருக்கு நேர் பின்னால் நிற்பதும் இல்லை. கற்சருக்கும் துடுப்பாளருக்கும் இடையில் தெரியும் இடைவெளிக்குப் பின்னால் நிற்பார். அதை ‘ஸ்லொட்’ என்பார்கள். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பந்தைத் தொடர்ந்து, அது கையுறைக்குள் சேர்ந்த பின் ஒரு கணம் பொறுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுமை பழக்கத்தில்தான் வரும்.

பெரிய லீக்கில் வழமையாக நான்கு நடுவர்கள். பூங்காவில் இரண்டு பேர், சில நாள்களில் ஒருவர் மட்டும். இருவர் நிற்கும்போது பேஸ்களில் ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது நடுவர் முதலாவது பேஸுக்குப் பின்னால், ஃபவுல் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஓடுபவர் ஏறியதும் மைதானத்தின் உள்ளே, பந்தெறிபவருக்குப் பின்புறமாகப் போய்விடுவார். அங்கிருந்து அவருக்கு எப்போதும் ஏதோ ஒரு பேஸ் முதுகுப் பக்கம். முதலாவது பேஸில் நெருக்கமான தீர்ப்பு வரும்போது, பேஸை மிதிக்கும் காலைக் கண்ணால் பார்த்து, கையுறையில் பந்து விழும் சத்தத்தைக் காதால் கேட்கப் பழக்குகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பிடிக்க முடியாது.

சைகையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஃபவுல் என்றால் இரு கைகளையும் உயர்த்திச் சத்தமாகச் சொல்வார். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் கையால் மைதானத்தை நோக்கிச் சுட்டுவார், வாய் பேசாது. ‘ஃபெயர்’ என்று கத்தினால் ‘ஃபவுல்’ என்று காதில் விழுந்து ஓடுகிற பிள்ளை நின்றுவிடும்.

உடுப்பும் கவசமும்

சாம்பல் நிறக் காற்சட்டை, கறுப்பு இடுப்புப்பட்டி, மினுக்கிய கறுப்புச் சப்பாத்து, கறுப்பு அல்லது இளநீலச் சேட். வழமையான தோற்றம் இதுதான். எந்த நிறம் என்பதை அந்தந்தக் கழகம் சொல்லும். ஆகவே கேட்காமல் வாங்க வேண்டாம். ஒரே ஆட்டத்தில் நிற்கும் இருவரும் ஒரே நிறம் அணிய வேண்டும் என்பது எல்லா இடத்திலும் பார்க்கப்படும் ஒழுங்கு. சேட்டை உள்ளே விட்டு உடுக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை கசங்கிய ரீ-சேட்டோடு வந்தால் முதல் பந்து எறியப்படுமுன்பே பயிற்றுநர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்குவார்கள். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நடப்பு அதுதான்.

பிளேற்றுக்குப் பின்னால் நிற்பவருக்கு முகக்கவசம், தொண்டைக் காப்பு, மார்புக்கவசம், முழங்கால் முதல் பாதம் வரையான காற்கவசம் ஆகியவை வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு அடிவயிற்றுக் காப்பும் கட்டாயம். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சில கழகங்கள் மார்புக்கவசத்தையும் காற்கவசத்தையும் இரவலாகத் தருகின்றன. முகக்கவசத்தையும் அடிவயிற்றுக் காப்பையும் சொந்தமாக வாங்குவதே நல்லது. பழைய காலத்தில் அமெரிக்கன் லீக் நடுவர்கள் மெத்தை போன்ற பெரிய கவசத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாஷனல் லீக்கில் சட்டைக்குள் அணியும் கவசம். இன்று எல்லோரும் அணிவது உள்ளே போடும் வகைதான்.

சின்னச் சாமான்கள்: ஸ்ரைக், போல் எண்ணும் கைக்கருவி, பிளேற் துடைக்கும் சிறு தூரிகை, பந்து வைக்கும் பை. கைக்கருவி இடதுகையில் இருக்கும். முகக்கவசத்தைக் கழற்றுவதும் இடதுகையாலேயே. அவுட் காட்டும் வலதுகை எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக. பிளேற்றைத் துடைக்கக் குனியும்போது பார்வையாளருக்குப் பின்புறத்தைக் காட்டாமல் மைதானப் பக்கம் முதுகைத் திருப்புவது பழைய மரியாதை. இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

வேலியோரச் சண்டைகளின் விதிகள்

ஃபவுல் கோடு மைதானத்துக்குச் சொந்தம். கோட்டில் விழுந்த பந்து நல்ல பந்து. ஹோம் பிளேற்றும் அப்படியே. துடுப்பாட்டத்தில் கோட்டின் மேல் மட்டை இருந்தால் ரன் அவுட், இங்கே பேஸின் ஓரத்தைத் தொட்டாலும் சேஃப்.

‘கையும் மட்டையின் ஒரு பகுதி’ என்று பலர் சொல்வார்கள். விதிப் புத்தகத்தில் அப்படி இல்லை. வீசும்போது பந்து கையில் பட்டால் அது ஸ்ரைக், பந்து அத்துடன் உயிரிழக்கும். வீசாமல் நின்று, விலக முயன்றும் கையில் பட்டால், பந்து வலயத்துக்கு வெளியே இருந்திருந்தால் அவருக்கு முதலாவது பேஸ்.

‘இரண்டும் ஒன்றாக வந்தால் ஓடுபவருக்கே’ என்பதும் அப்படி ஒரு வாசகமாக எங்கும் எழுதப்படவில்லை. அடித்துவிட்டு ஓடுபவர் முதலாவது பேஸைத் தொடுமுன் பேஸ் தொடப்பட்டால் அவுட் என்கிறது ஒரு விதி. எழுத்துக்கு எழுத்துப் படித்தால் சமமானால் சேஃப். கட்டாயமாக அடுத்த பேஸுக்கு ஓடுபவர் பேஸ் தொடப்படுமுன் வந்து சேர வேண்டும் என்று முன்பு இன்னொரு விதியின் வாசகம் இருந்தது. அதன்படி சமமானால் அவுட். நடுவர்கள் இந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. எது முந்தியது என்று முடிவெடு, சமம் என்று ஒன்று இல்லை என்றே பயிற்சியில் சொல்வார்கள்.

அதிகம் குழப்புவது இன்ஃபீல்ட் ஃபிளை. முதலாம், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆள் நிற்கிறது, இரண்டு பேர் இன்னும் அவுட் ஆகவில்லை, உள்வட்ட வீரர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய உயர்ந்த பந்து எழுகிறது. அப்போது பந்து பிடிக்கப்படுமுன்பே நடுவர் துடுப்பாளரை அவுட் என்று அறிவிப்பார். பந்து பிறகு கைதவறினாலும் அவுட்தான். இந்த விதி இல்லாவிட்டால் களத்தடுப்பவர் வேண்டுமென்றே பந்தை விழவிட்டு, பேஸில் காத்து நிற்கும் இருவரையும் ஆட்டமிழக்கச் செய்யலாம். அந்தத் தந்திரத்தை அடைக்கவே 1895இல் இது வந்தது. பேஸில் நிற்பவர்கள் விரும்பினால் ஓடலாம், ஆபத்து அவர்களுடையது. ‘ஓடாதே’ என்று வேலியிலிருந்து கத்துவது பெரும்பாலும் சரியான அறிவுரைதான்.

ஓடுபவரும் களத்தடுப்பவரும் மோதினால், அடிக்கப்பட்ட பந்தை எடுக்கப் போகிறவருக்கே வழி. ஓடுபவர் விலக வேண்டும். பந்து கையில் இல்லாமலும் அதை எடுக்கப் போகாமலும் வழியை மறித்து நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை.

சிறுவர் பிரிவுகளுக்குக் கழகத்தின் உள்ளூர் விதிகள் தனியாக உண்டு. தவறவிட்ட மூன்றாவது ஸ்ரைக்குக்கு ஓடலாமா, பேஸ் திருடலாமா, ஓர் இன்னிங்ஸில் எத்தனை ஓட்டம் என்பவை வயதுக்கு வயது மாறும். தொலைக்காட்சியில் கண்டதை இங்கே கேட்க முன் அந்தத் தாளைப் பார்ப்பது நல்லது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

சேஃபா அவுட்டா, ஸ்ரைக்கா போலா என்பது நடுவரின் கணிப்பு. அது இறுதியானது. விதியைத் தவறாகப் பொருத்தினார் என்றால் மட்டும் பயிற்றுநர் நேரம் கேட்டு, அமைதியாகப் போய்ப் பேசலாம். பெற்றோருக்கு அந்த உரிமை கிடையாது.

இந்த வேறுபாட்டுக்குப் பேர்போன வழக்கு 1983 ஜூலை 24இல் நியூயோர்க்கில் நடந்தது. கன்சாஸ் சிற்றியின் ஜோர்ஜ் பிரெற் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். மட்டையில் பூசிய பைன் பிசின் கைப்பிடியிலிருந்து 18 அங்குலத்தைத் தாண்டியிருக்கிறது என்று யாங்கீஸ் பயிற்றுநர் முறையிட்டார். நடுவர் ரிம் மக்லெலன்ட் மட்டையைப் பிளேற்றின் குறுக்கே வைத்து, அதன் 17 அங்குலத்தால் அளந்து, பிரெற்றை அவுட் என்றார். அளவு சரி. தண்டனைதான் பிழை என்று லீக் தலைவர் லீ மக்ஃபெயில் தீர்த்தார். அப்படிப்பட்ட மட்டையை ஆட்டத்திலிருந்து அகற்றலாம், அடித்த ஓட்டத்தை அழிக்க முடியாது என்றார். ஓகஸ்ட் 18இல் ஆட்டம் அதே இடத்திலிருந்து தொடர்ந்தது. கன்சாஸ் சிற்றி 5-4 என வென்றது.

கணிப்புத் தவறினாலோ திருத்தம் கிடையாது. 2010 ஜூன் 2இல் டெற்றோயிற்றில் அர்மாண்டோ கலறாகா ஒருவரையும் பேஸுக்கு விடாமல் கடைசி அவுட் வரை வந்திருந்தார். முதலாவது பேஸில் ஜிம் ஜொய்ஸ் ‘சேஃப்’ என்றார். ஓடியவர் அவுட் என்று காணொளி காட்டியது. ஜொய்ஸ் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் வீரர் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலறாகா. இப்போது பெரிய லீக்கில் காணொளி மீளாய்வு உண்டு. பூங்காவில் அது கிடையாது. அங்கே நிற்கும் பிள்ளைக்கு இரண்டு கண்கள் மட்டுமே.

இளம் நடுவர்கள் ஓரிரு பருவத்தோடு விட்டுப் போவதற்குப் பெரியவர்களின் வசைகள் ஒரு முக்கிய காரணம். ஒன்ராறியோ உதைபந்தாட்டச் சங்கம் 2023இல் நடுவர்கள் சிலருக்கு உடலில் அணியும் கமெராக்களைக் கொடுத்துப் பரீட்சிக்க வேண்டியிருந்தது. வன்னிக்காட்டையும் கடலையும் கடந்து வந்த தலைமுறை, பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரு ஸ்ரைக்குக்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளையை அழவைக்கத் தேவையில்லை என்பது எமது எண்ணம்.

நடுவராக விரும்பும் பிள்ளை வசந்தகாலத்துக்கு முன்பே உள்ளூர்க் கழகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பேஸ்போல் கனடாவின் தரப்படுத்தலில் ஐந்து நிலைகள் உண்டு, புதியவர் முதலாம் நிலைப் பயிற்சியிலிருந்து தொடங்குவார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் கிடைக்கும். அதனால் உயர்பாடசாலைக்குத் தேவையான 40 மணிநேரச் சமூகசேவைக் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. தொடக்கத்தில் சிறிய வயதுப் பிரிவுகளுக்கே அனுப்புவார்கள். அரை மணிநேரம் முன்னதாகக் கொண்டுபோய் விடுங்கள். கவசங்கள் அணியவும், கூட நிற்கும் நடுவரோடு யார் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொள்ளவும் அந்த நேரம் வேண்டும். தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொடுத்து விடுங்கள், ஜூலை மாதத்தில் கவசத்துக்குள் ஒன்று காணாது.