மொசைக் மாமாவும் தேய்க்கிற மிஷினும்

போன வாரம் மெல்பர்ன்ல எங்க கம்பெனியோட புது கோடவுனுக்குப் போயிருந்தேன். தரையை மிஷின் வச்சுத் தேய்ச்சுகிட்டு இருந்தாங்க. டைல்ஸ் இல்ல, கிரானைட் இல்ல, வெறும் கான்கிரீட்டையே கண்ணாடி மாதிரி ஆக்கறாங்க. கூட வந்தவர் "புது டெக்னாலஜி"ன்னு பெருமையாச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்க முதலமடைல மொசைக் மாமா இதைத்தானே பண்ணிகிட்டு இருந்தார்! (சொந்த மாமா இல்லீங்க. ஊர்ல பாதிப்பேர் எனக்கு மாமாதான் :-))

முதலமடை தெரியாதவங்களுக்கு: பாலக்காடு ஜில்லா, பொள்ளாச்சிப் பக்கம், மாந்தோப்பும் ஆலமரம் நிக்கற ரயில்வே ஸ்டேஷனும் உள்ள ஊர். எங்க வீட்ல முதல்ல சாணி மெழுகின தரை, அப்புறம் சிவப்புக் காவித் தரை. 1986ல அப்பா மொசைக் போட்டார். ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சு.

மொசைக் தரைக்கு வயசு அதிகம். வெனிஸ் நகரத்துல மார்பிள் துண்டுகளைச் சுண்ணாம்புல பதிச்சு, நீளக் கைப்பிடி வச்ச கனமான கல்லால மணிக்கணக்கா இழுத்து இழுத்துத் தேய்ப்பாங்களாம். 1891ல அமெரிக்காவுல எட்வர்ட் அச்சிசன்ங்கறவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரலை, கார்பொரண்டம் வந்தது. 1920கள்ல அங்கேயே கரண்ட்ல ஓடற தேய்ப்பு மிஷின் வந்ததும் இடுப்பொடிய இழுக்கற வேலை போச்சு. நம்ம பக்கம் பம்பாய்ல 1922ல பாரத் டைல்ஸ் ஆரம்பிச்சாங்க. 1954ல மெட்ராஸ்ல கார்பொரண்டம் யுனிவர்சல் கம்பெனி வந்தது, திருவொற்றியூர்ல ஃபேக்டரி.

சரி, மாமாகிட்ட வருவோம். சிமெண்டும் மார்பிள் பவுடரும் கலந்து, அதுல சிப்ஸ் சேர்த்துப் பரப்பி, உருளை உருட்டி, ஒரு வாரம் தண்ணி கட்டி வைப்பார். அதுக்கு முன்னாடி மிஷினை வச்சா சிப்ஸ் பேந்து வந்துடும். மிஷின் இரும்புப் பன்னி மாதிரி கனம், ரெண்டு பேர் சேர்ந்துதான் இறக்கணும். த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன் எடுத்து, எர்த் கம்பியை ஈரமண்ணுல அடிச்சப்புறம்தான் ஸ்விட்ச்ல கை வைப்பார். காலுக்குக் கீழ தண்ணி, கையில கரண்ட்டாச்சே! அடியில மாட்டற கல்லெல்லாம் ஒரே உயரமா இருக்கான்னு விரலால தடவிப் பார்ப்பார். ஒண்ணு தூக்கியிருந்தாக்கூட தரை பூரா வட்ட வட்டமாக் கீறல் விழும்.

முதல்ல 60 நம்பர் கல். கழுவிட்டு, ஊசித் துளைகள்ல சிமெண்ட் பால் தேய்ச்சு, நாலஞ்சு நாள் விடணும். அப்புறம் 120, கடைசியா 320. ஒரே இடத்துல நிறுத்தினா குழி விழும்னு மிஷினை ஆட்டிகிட்டே போவார். மூலைக்கு மட்டும் கைக்கல். கடைசியில ஆக்சாலிக் ஆசிட், மெழுகு. என் வேலை செம்புல தண்ணி ஊத்தறது. கொஞ்சம் அசந்தா "டேய் தம்பி, தண்ணி!"ன்னு கத்துவார்.

இப்போ மெல்பர்ன்ல பார்த்தது 1990கள்ல ஸ்வீடன்ல எச்டிசி மாதிரி கம்பெனிகள் வளர்த்த முறை. கல்லுக்குப் பதிலா வைரத் துண்டு. (அச்சிசனுக்குக் கிடைக்காத செயற்கை வைரத்தை 1954ல ஜெனரல் எலக்ட்ரிக் செஞ்சாங்க.) நடுவுல சிலிகேட் திரவம் ஊத்தறாங்க. அது கான்கிரீட்ல மிச்சமிருக்கற சுண்ணாம்போட சேர்ந்து இறுகிடும். பெரும்பாலும் தண்ணி கிடையாது, பக்கத்துலயே பெரிய வேக்குவம் ஓடுது. மார்பிள்ல சிலிகா அதிகம் இல்லை, கான்கிரீட் மணல்ல உண்டு. அந்தத் தூசு நுரையீரல்ல போய்த் தங்கினா சிலிகோசிஸ், திரும்பி வராது. இதே சிலிகாவுக்குப் பயந்துதான் 2024 ஜூலைல ஆஸ்திரேலியா செயற்கைக் கல் கிச்சன் மேடையையே தடை பண்ணிச்சு.

இதைக் கேட்டதும்தான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. 2000 வாக்குல விட்ரிஃபைட் டைல்ஸ் வந்து மொசைக்கைத் தூக்கிடுச்சு. மாமா மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, கிரானைட் அறுக்கப் போனார். அங்க செம்பும் இல்லை, தண்ணியும் இல்லை. நாலஞ்சு வருஷத்துல இருமல். டிபின்னு ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்தாங்க, நாங்களும் நம்பினோம். போயிட்டார். சிலிகோசிஸை டிபின்னு நினைக்கறது நம்ம நாட்டுல அடிக்கடி நடக்கறதுன்னு இப்பத்தான் படிச்சேன். அவருக்கு எதுன்னு இனிமே யார் சொல்றது?

நேத்து ஊருக்கு ஃபோன் பண்ணினேன். மொசைக் மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம்னு அண்ணன் ரொம்ப நாளாச் சொல்லிகிட்டிருக்கார்.

"வேண்டாங்ண்ணா, திரும்பத் தேய்ச்சாப் போதும். அடியில கல் அப்படியேதான் இருக்கும்."

"ஆளு கிடைக்கணுமேடா. கோயமுத்தூர்ல ஒருத்தன் இருக்கான், தண்ணியில்லாமயே ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேங்கறான்."

"வேக்குவம் வச்சிருக்கானா?"

"துண்டு கட்டிக்குவானாம்."

கூடுதலா ஆகற கூலியை நான் அனுப்பறேன், தண்ணி ஊத்தித்தான் தேய்க்கணும்னு சொல்லியிருக்கேன். மாங்காய் சீசன் முடியட்டும்னார் அண்ணன். செம்பு இன்னும் பரண்லதான் இருக்காம்.