வீட்டு இணையத்தின் வேகம் எங்கே தொலைகிறது? கூடிய திட்டத்துக்கு மாறுமுன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் மேலே வீட்டுக்காரரும் கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுமாக ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் எம்மவர் மத்தியில் நிறையவே உண்டு. பிள்ளையின் இணையவழி வகுப்பு நின்று நின்று ஓடும். ஊரில் இருக்கும் அம்மாவின் முகம் வட்ஸ்அப்பில் உறைந்துபோகும். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால், வேகம் கூடிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். மாறிய பிறகும் பல வீடுகளில் குறை தீருவதில்லை. வேகம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரே தொலைவதுதான் காரணம்.

முதலில் அளந்து பாருங்கள்

மடிக்கணினியை ஒரு வயர் மூலம் நேரடியாக மோடத்தில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். கனேடிய இணையப் பதிவு அதிகாரசபை இதற்கென ஓர் இலவசச் சோதனையை வைத்திருக்கிறது. காலையில் ஒரு தடவையும் இரவு எட்டு, ஒன்பது மணியளவில் ஒரு தடவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வழமையாக இருந்து பாவிக்கும் இடத்தில் வைஃபையில் அளவுங்கள். வயரில் வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் குறை வீட்டுக்குள். வயரிலும் வராவிட்டால் குறை நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம்.

நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினி கோப்புகளை இறக்கும்போது பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 மெகாபிட் சேர்ந்தது 1 மெகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் அது சரியான வேகமே.

வைஃபை

ரவுட்டரைப் பேஸ்மென்டின் மூலையிலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ வைத்துவிட்டு மேல்மாடி அறையில் வேகத்தை எதிர்பார்க்க முடியாது. வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடிகளில் அயலவர்களின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் குழப்பும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, சுவர்களைத் தாண்டுவது கடினம். ஆகவே பக்கத்தில் உள்ள கணினிக்கு 5, தூரத்து அறைக்கு 2.4 பொருந்தும். மேசைக் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் வயர் போடுவதே நல்லது. பழைய கேபிள் வயர் 100 மெகாபிட்டுக்கு மேல் தராமல் போகலாம். "கேட் 5இ" அல்லது "கேட் 6" என்று அச்சிடப்பட்டதை வாங்குங்கள்.

கணினி

"இணையத்தை வேகப்படுத்தும்" மென்பொருள்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சில அமைப்புகளைக் கையால் மாற்றினால் பலன் கிடைத்தது. 2007இல் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் அந்த வேலையைத் தானாகவே செய்கிறது. இன்று கணினியைத் தாமதப்படுத்துபவை உலாவியில் குவிந்திருக்கும் நீட்சிகளும், பின்னணியில் ஓடும் செயலிகளுமே. தேவையற்றவற்றை நீக்குங்கள். புகைப்படங்களையும் கோப்புகளையும் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும் வேலையை இரவு நித்திரைக்குப் போகும் நேரத்துக்கு மாற்றுங்கள். கேபிள் இணைப்புகள் பலவற்றில் தரவேற்ற வேகம் தரவிறக்க வேகத்தை விட மிகக் குறைவு. யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசி நூற்றுக்கணக்கான படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் முழு வீட்டின் காணொளி அழைப்புகளும் தடுமாறும்.

எவ்வளவு வேகம் போதும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட், முழு எச்.டி. படத்துக்கு 5. ஸூம் வகுப்பு ஒன்றுக்கு 4 போதும். ஒரு 4கே படம், ஓர் எச்.டி. படம், இரண்டு வகுப்புகள், ஒரு வட்ஸ்அப் அழைப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஏறத்தாழ 30 மெகாபிட் தான். கனேடிய வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையம் 2016 டிசம்பரில் அகலக்கற்றை இணையத்தை அடிப்படைச் சேவையாக அறிவித்தபோது, இலக்காக வைத்தது தரவிறக்கம் 50, தரவேற்றம் 10 மெகாபிட். இரண்டு குடும்பங்கள் பாவித்தால் அதற்கு மேல் தேவைப்படலாம். ஆயிரம் மெகாபிட் தேவைப்படும் வீடுகள் சிலவே.

ஊருக்கு எடுக்கும் அழைப்பு

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் 13,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். நேர்கோட்டில் போய்த் திரும்பினாலே 130 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும்; கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். எந்தத் திட்டத்தை வாங்கினாலும் இந்தத் தாமதம் போகாது. படம் உறைவது வேறு விடயம்: உங்கள் தரவேற்றத்தையும் வைஃபையையும் சரிபார்த்த பிறகும் உறைந்தால், அங்குள்ள இணைப்பையே பார்க்க வேண்டும். காணொளியை நிறுத்திக் குரலில் மட்டும் பேசினால் பெரும்பாலும் தெளியும்.

குறை நிறுவனத்தின் பக்கம் என்றால்

குறித்துவைத்த அளவுகளுடன் முதலில் நிறுவனத்திடம் முறையிடுங்கள். தீர்க்காவிட்டால் தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவைகளுக்கான முறைப்பாட்டு ஆணையத்திடம் போகலாம், கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களும், வருமான உதவித்தொகையை உச்ச அளவில் பெறும் முதியோரும், மத்திய அரசு ஒழுங்குசெய்த "குடும்பங்களை இணைத்தல்" திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள். 2022இல் விரிவாக்கப்பட்டபோது அது மாதம் 20 டொலருக்கு 50 மெகாபிட் வரை வழங்கியது.