பிள்ளை பெறாதவருக்குப் பால் ஏன் வருது? 2,400 வருஷக் கேள்வி

வெளியே பேசக் கூச்சப்படுற ஒரு விஷயம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

கல்யாணம் ஆகாத பொண்ணு. உள்ளாடையில பால் மாதிரி கறை. அம்மா பார்த்துடுறாங்க. அடுத்து அந்த வீட்ல என்ன கேள்வி வரும்னு உங்களுக்கே தெரியும். டாக்டர்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே விசாரணை முடிஞ்சு தீர்ப்பும் சொல்லிடுவாங்க.

அந்தத் தீர்ப்பு தப்புன்னு பழைய கிரேக்க மருத்துவர்களுக்கே தெரியும். கர்ப்பமோ பிரசவமோ இல்லாத பெண்ணுக்குப் பால் வந்தா, அவருக்கு மாதவிலக்கு நின்னிருக்கும்னு ஹிப்போகிரட்டஸ் பெயரில் உள்ள குறிப்புகளில் இருக்கு. கவனிச்சது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. மாதவிலக்கு இரத்தமே மேலே போய்ப் பாலாகுதுன்னு நம்பினாங்க. அந்த நம்பிக்கை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓடியது.

1855-ல் கியாரி, 1882-ல் ஃப்ரொமெல் என்ற மருத்துவர்கள், பிரசவத்துக்குப் பிறகு பால் நிக்காம, மாதவிலக்கும் திரும்பாத பெண்களைப் பற்றி எழுதினாங்க. நோய்க்கு அவங்க பெயர் வந்தது. காரணம் வரல.

காரணம் கிடைச்சது முயலிடமும் புறாவிடமும்!

1928-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்ற இருவர், மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றைக் குட்டி போடாத முயல்களுக்குச் செலுத்தினாங்க. பால் சுரந்தது. பிட்யூட்டரின்னா மூளைக்கு அடியில பட்டாணி அளவு இருக்கிற சுரப்பி. அதாவது பாலுக்கான உத்தரவு தலையிலிருந்து வருது.

அடுத்து அமெரிக்காவின் ஆஸ்கர் ரிடில். புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும், ஆண் புறாவும் ஊட்டும். அந்தப் பாலைச் சுரக்க வைப்பதும் இதே பிட்யூட்டரிப் பொருள்தான்னு காட்டி, 1930-களின் தொடக்கத்தில் அதுக்குப் 'புரோலாக்டின்'னு பெயர் வெச்சார்.

ஆனா மனுஷங்களுக்குத் தனியா புரோலாக்டின் இருக்காங்கிறதே ரொம்ப நாள் சந்தேகம். நம்ம வளர்ச்சி ஹார்மோனும் பால் சுரக்க வைக்கும் என்பதால் ரெண்டையும் பிரிக்க முடியல. கனடாவின் ஹென்றி ஃப்ரீசன் குழு 1970-71 வாக்கில்தான் பிரிச்சு, இரத்தத்தில் அளக்கவும் வழி கண்டாங்க. இன்னைக்கு லேப்ல சாதாரணமா செய்யிற அந்த டெஸ்டுக்கு வயசு ஐம்பது சொச்சம்தான்!

இதுக்கு நடுவுல இன்னொரு துப்பு. 1950-களில் மனநோய்க்கு குளோர்புரோமசின் மாத்திரை வந்தது. சாப்பிட்ட சில பெண்களுக்குப் பால் வந்தது. மூளையின் டோபமைன்தான் புரோலாக்டினுக்குக் கடிவாளம், இந்த மருந்து அதைத் தடுத்துடுது. நெஞ்செரிச்சலுக்கும் வாந்திக்கும் மெடிக்கல்ல கேட்டு வாங்குறீங்களே, டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரை? அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஆக, பால் வந்தா பார்க்க வேண்டியது கர்ப்பம், சாப்பிடுற மருந்து, தைராய்டு, புரோலாக்டின். புரோலாக்டின் ரொம்ப அதிகமா இருந்தா பிட்யூட்டரியில் சின்னக் கட்டி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுப்போம். கட்டின்னதும் பயப்படாதீங்க. பெரும்பாலும் புற்று இல்லை, மாத்திரையிலேயே சுருங்கிடும். அந்த மாத்திரைகளில் முதலாவது புரோமோகிரிப்டின், தானியக் கதிரில் வளர்ற எர்காட் பூஞ்சையின் வேதிப்பொருளிலிருந்து உருவானது. நம்ம கம்புப் பயிர்ல தேன் ஒழுகல் நோயைக் கொண்டு வர்றதும் அதே குடும்பத்துப் பூஞ்சைதான்.

பால் வர்றதோட மாதவிலக்கு நின்னுருந்தாலோ, தலைவலி இருந்தாலோ, பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சாலோ தள்ளிப் போடாதீங்க.

இதுவரை சொன்னது பால் பத்தி. பால் இல்லாத கசிவு வேற கதை. ரெண்டு பக்கமும், பல துவாரத்திலிருந்து, அழுத்தினா மட்டும் பச்சையாவோ மங்கலாவோ வந்தா பெரும்பாலும் ஆபத்தில்லை. ஒரே மார்பில், ஒரே துவாரத்தில், தானாக, இரத்தமாவோ தண்ணி மாதிரி தெளிவாவோ வந்தா அந்த வாரமே டாக்டரைப் பாருங்க. அதுக்கும் அடிக்கடி காரணம் பால் குழாய்க்குள்ள வளர்ற பாப்பிலோமா என்ற சாதாரணக் கட்டிதான். ஆனா புற்று இல்லைன்னு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும், வீட்ல உட்கார்ந்து சொல்ல முடியாது. கூடவே கட்டி, காம்பு உள்ளிழுப்பு, ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. ஆண்களுக்கு எந்தக் கசிவு வந்தாலும் காட்டணும்.

பச்சைக் குழந்தைக்கும் சில சமயம் மார்பு வீங்கிப் பால் கசியும். ஐரோப்பாவில் இதை 'சூனியக்காரியின் பால்'னு சொன்னாங்க. தாயின் ஹார்மோன்தான் காரணம், சில வாரத்துல தானா போயிடும். பாட்டிமாரே, தயவுசெஞ்சு பிதுக்காதீங்க, சீழ் பிடிச்சுடும்.

பெரியவங்களும்தான். இன்னும் வருதான்னு தினமும் அழுத்திப் பார்த்தா, அந்தத் தூண்டுதலே கசிவை நிக்க விடாது. டாக்டர்கிட்ட வரும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டு வாங்க. மனநல மாத்திரையா இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தித் தர வழி இருக்கு.