குறுவாய்த் தவளைகள்

குறுவாய்த் தவளைகள் மைக்ரோஹைலிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆல்பர்ட் குந்தர் 1858இல் இக்குடும்பத்தை வகுத்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை தரையிலும் மண்ணுக்குள்ளும் வாழ்பவை. தலை சிறிதாகவும் வாய் ஒடுங்கியும் இருக்கும். எறும்பும் கரையானும் முக்கிய இரை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் நன்கு அறியப்பட்டது கலூலா புல்கிரா. 1831இல் ஜான் எட்வர்ட் கிரே விவரித்த இனம் இது. சுமார் 7 செ.மீ. வளரும். கரும்பழுப்பு முதுகின் இருபுறமும் வெளிறிய செம்மஞ்சள் பட்டை ஓடும். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்னோக்கிப் புதையும். சீண்டினால் உடலை உப்பவைத்து, தோலில் பிசுபிசுப்பான நீரைச் சுரக்கும். கனமழை பெய்த இரவில் லயத்து வீட்டுச் சாக்கடையிலும் தோட்டத்துக் கால்வாயிலும் ஆண் தவளைகள் மாடு கத்துவதுபோல் அடித்தொண்டையில் கத்தும். தேங்கிய மழைநீரில் முட்டைகள் மிதக்கும்; நீர் வற்றுமுன், ஏறக்குறைய இரண்டு வாரங்களில், தலைப்பிரட்டைகள் தவளையாகிவிடும்.

இக்குடும்பத்தின் மைக்ரோஹைலா ஹேமோன்சி மிகச் சிறிய இனம்; 3 செ.மீ.க்கும் குறைவு. இதன் தலைப்பிரட்டையின் வாய் புனல்போல் மேல்நோக்கி விரிந்து, நீர்ப்பரப்பில் மிதக்கும் நுண்துகள்களை வடித்து உண்ணும்.

தமிழ்நாட்டில் காணப்படும், பந்துபோல் உப்பும் உபெரோடான் சிஸ்டோமாவும் இக்குடும்பமே.

குறுவாய்த் தவளைகள் தோல் வழியே நஞ்சை உறிஞ்சும் உயிர்கள் என்பதால், களைக்கொல்லி கலந்த கால்வாய் நீர் இவற்றுக்குக் கேடு. கரையானைத் தின்று தோட்டத்துக்கு உதவும் இவை பாதுகாக்கப்பட வேண்டியவை.