சொல் ஒன்று, சூழல் பல: சட்டநூல்களில் வினைச்சொற்கள்

செல், உண், வை, அடி போன்றவை எம்மொழியிலும் குழந்தைகள் இளமையிலேயே கற்றுவிடும் வினைச்சொற்கள். இவற்றின் பொருளை அறிய ஆராய்ச்சியும் வேண்டுமோ என்று தோன்றலாம். ஆயினும் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்த சொற்களுள் இவையும் அடங்கும். ஒருவர் செய்த சத்தியம் முறிந்ததா, ஒரு குடும்பத்தின் மணவுறவு நிலைத்ததா என்னும் வினாக்கள் இத்தகைய ஒரு சொல்லின் பொருளைப் பற்றி நின்றமையே அதற்குக் காரணம்.

ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ ஹனஃபீ சட்டநூல்களுள் தலையாயது. அதன் சத்தியங்கள் பற்றிய பகுதி, அன்றாடப் பேச்சை அளந்து பார்க்கும் ஆய்வாகவே அமைந்துள்ளது. ‘இன்னார் வீட்டில் கால் வைக்க மாட்டேன்’ என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். பின்னர் வாகனத்தில் அமர்ந்தவாறே அவ்வீட்டினுள் நுழைகிறார். அவர் கால் தரையில் படவில்லை. எனினும் சத்தியம் முறிந்துவிடும். வெளியே நின்றுகொண்டு காலை மட்டும் உள்ளே நீட்டினால் முறியாது என்பர் ஹனஃபீ அறிஞர். கால் வைத்தல் என்பதற்கு வழக்கில் நுழைதல் என்பதே பொருள். ‘உன் வாசற்படி மிதிக்க மாட்டேன்’ என்னும் நம் ஊர்ப் பேச்சை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

‘இந்தப் பேரீச்ச மரத்திலிருந்து உண்ணேன்’ என்பவர் விலக்கிக்கொள்வது அதன் கனியையே. மரத்தை யாரும் உண்பதில்லை. மனைவியை அடிப்பதில்லை என்று சத்தியம் செய்தவர் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாலோ கழுத்தை நெரித்தாலோ கடித்தாலோ சத்தியத்தை முறித்தவராவார். அடித்தலின் உட்பொருள் நோவு தருதல் என்பதே அறிஞர்கள் கூறும் காரணம். அதே காரணத்தால், உயிர் பிரிந்த உடலின்மீது விழும் அடி அச்சொல்லின் பொருளில் அடங்காது. கை ஓங்காமலே அடித்தவராகலாம். கை ஓங்கியும் அடிக்காதவராகலாம்.

வழக்கோடு சூழலையும் கருத வேண்டும் என்பதற்கு ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெறும் இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். ஜவ்ன் குலத்துப் பெண்ணொருவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், உன் குடும்பத்தாரிடம் சென்று சேர்ந்துகொள் என்னும் கருத்துப்படக் கூறினார்கள். அது மணவிலக்காக அமைந்தது. ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்குச் செல்லாது பின்தங்கிய கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடம் மக்கள் ஐம்பது நாட்கள் பேசாதிருந்தனர். நாற்பது நாட்கள் கழிந்தபோது மனைவியை விட்டு விலகியிருக்குமாறு ஆணை வந்தது. மணவிலக்கு அளிக்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டியதில்லை என்று அறிந்தபின், அவர் தம் மனைவியிடம் அதே சொல்லைக் கூறினார். அங்கு மணவிலக்கு நிகழவில்லை. வினைச்சொல் ஒன்றே, கூறியவரின் எண்ணமும் நிலையுமே வேறு.

இத்தகைய சொற்களை அறிஞர்கள் ‘கினாயா’ என வகுத்தனர். சொற்பொருளையும் மொழிப்பொருள், மார்க்கப்பொருள், வழக்குப்பொருள் எனப் பிரித்துக் கண்டனர். ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) மறைந்த மாலிகீ அறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்), பிறவூரிலிருந்து வந்து தீர்ப்புக் கேட்பவரிடம் அவர் ஊரின் வழக்கை முதலில் வினவ வேண்டும் என்று முஃப்திகளை எச்சரித்தார். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பின் 40ஆம் விதி, வழக்கு வேறு பொருளைக் காட்டுமிடத்தில் நேர்ப்பொருள் கைவிடப்படும் என்னும் நெறியை ஏற்றது.

இந்நெறி தமிழ் பேசும் நமக்கும் உரியது. சினத்தில் ஒருவன் மனைவியிடம் ‘தாய்வீட்டுக்குப் போ’ என்கிறான். அதனை அரபியில் பெயர்த்து, பழைய நூலொன்றில் அச்சொல்லைத் தேடி, அங்குள்ள முடிவை அப்படியே எடுத்துக் கூறுவது அந்நூலாசிரியர்களின் வழியன்று. நம் இல்லங்களில் அச்சொல் எப்பொருளில் வழங்குகிறது, அவன் எதனை எண்ணிச் சொன்னான் என்று கேட்பதே அவர்கள் வழி. ஒரு பெண்ணின் வாழ்வு அக்கேள்வியைச் சார்ந்து நிற்கும்போது, மக்கள் மொழியை அறிதலும் மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.