சம்பளமில்லாத காவலர்கள் – ஏ.ஓ.எல். முதல் ரெட்டிட் வரை

ஒரு கடையைக் கூட்டிப் பெருக்கவும், வாடிக்கையாளர் சண்டையைத் தீர்க்கவும் ஆயிரக்கணக்கானோர் சம்பளம் வாங்காமல் வந்து நின்றால் முதலாளிக்குக் கொண்டாட்டம்தான். இணைய நிறுவனங்களுக்கு அப்படிப்பட்டவர்கள் கிடைத்தார்கள். மட்டுறுத்துனர்கள் என்பது அவர்கள் பெயர். ஆனால் இலவசமாகக் கிடைத்த இந்த உழைப்புக்கு நிறுவனங்கள் வேறு வழியில் விலை கொடுத்திருக்கின்றன.

ஏ.ஓ.எல். கதை

1990களில் அமெரிக்காவின் பெரிய இணையச் சேவை நிறுவனம் அமெரிக்கா ஆன்லைன், சுருக்கமாக ஏ.ஓ.எல். அதன் அரட்டை அறைகளைக் கவனித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். உச்சகட்டத்தில் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். வேலைக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது இலவச இணைய நேரம். மணிக்கணக்கில் கட்டணம் வசூலித்த காலத்தில் அது நல்ல லாபம். 1996 டிசம்பரில் ஏ.ஓ.எல். மாதம் 19.95 டாலர் என்ற ஒரே கட்டணத்துக்கு மாறியது. அன்றோடு அந்தச் சலுகையின் மதிப்பு சுருங்கிவிட்டது. வேலை மட்டும் சுருங்கவில்லை.

அதுவும் சாதாரண வேலை இல்லை. விண்ணப்பம் போட வேண்டும், பயிற்சி முடிக்க வேண்டும், வாரத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் ஒதுக்க வேண்டும், ஷிஃப்ட் முடிந்ததும் அறிக்கை தர வேண்டும். பெயர்தான் தொண்டு, நடைமுறை முழுக்க ஆபீஸ்!

1999 மே மாதம் முன்னாள் தன்னார்வலர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டப்படி தாங்கள் ஊழியர்களே, குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பது வாதம். இதற்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. சம்பளத்துக்குப் பதிலாக உணவு, உறைவிடம் போன்றவற்றைப் பெற்றுக்கொண்டு ஒரு மத அமைப்பின் வணிக நிலையங்களில் உழைத்தவர்கள், "நாங்கள் தொண்டர்கள்" என்று தாங்களே சொன்னபோதும், அவர்கள் ஊழியர்கள்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்திருந்தது.

வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. 2005இல் ஏ.ஓ.எல். இந்தத் தன்னார்வலர் திட்டத்தையே மூடியது. 2010இல் 1.5 கோடி டாலர் சமரசத்துடன் வழக்கு முடிந்தது.

ரெட்டிட் கதை

ரெட்டிட் வேறு வழியில் சென்றது. ஷிஃப்ட் இல்லை, அறிக்கை இல்லை. ஒவ்வொரு சப்ரெடிட்டையும் அதன் மட்டுறுத்துனர்களே நடத்திக்கொள்ளலாம், வேண்டுமானால் கதவைச் சாத்தியும் வைக்கலாம். தொழிலாளர் வழக்குக்கு இதில் இடம் குறைவு. ஆனால் கடைச்சாவி முழுக்க அடுத்தவர் கையில்!

2015 ஜூலையில், மட்டுறுத்துனர்களோடு நெருங்கிப் பணியாற்றிய ஓர் ஊழியர் நீக்கப்பட்டதும் பல பெரிய சப்ரெடிட்கள் மூடப்பட்டன. அடுத்த சில நாட்களில் தலைமைச் செயல் அதிகாரி எலன் பாவ் பதவி விலகினார். 2023இல் வெளிச் செயலிகளுக்குக் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது, ஜூன் 12 அன்று 8,000க்கும் மேற்பட்ட சப்ரெடிட்கள் கதவடைத்தன. திறக்காவிட்டால் வேறு ஆட்களை நியமிப்போம் என்று நிறுவனம் எச்சரித்த பிறகே பல திறந்தன.

2024இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, தன்னார்வ மட்டுறுத்துனர்களை நம்பியிருப்பதையும் தொழில் அபாயங்களில் ஒன்றாக ரெட்டிட் தன் ஆவணத்தில் எழுதியது. மட்டுறுத்துனர்கள் காத்து வளர்த்த உரையாடல்களை மற்ற நிறுவனங்களுக்கு உரிமம் தரும் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர் என்பதும் அதே ஆவணத்தில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், சப்ரெடிட்டைப் பூட்ட நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்று விதி மாறியது.

இரண்டு பக்கமும் இடி

ஏ.ஓ.எல். கயிற்றை இறுக்கிப் பிடித்தது, வழக்கு வந்தது. ரெட்டிட் தளர்த்திவிட்டது, வேலைநிறுத்தம் வந்தது. இப்போது ரெட்டிட்டும் கயிற்றை இறுக்குகிறது. சம்பளம் கொடுக்காமல் கட்டளை மட்டும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஏ.ஓ.எல். வழக்கே சாட்சி.